பனியில் நடந்து வரையும் கோலங்கள்: அழியப்போவதை ஏன் வரைகிறார்கள்?

இரத்தோட்டையில் "இன்றைக்குச் சரியான பனி" என்று ஒருவர் சொன்னால், ரிவஸ்டன் பக்கமிருந்து புகார் இறங்கி வீதியை மூடிவிட்டது என்று அர்த்தம். காலையில் புல்லில் நிற்கும் ஈரமும் பனிதான். நுவரெலியாவில் சில ஜனவரி மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியும் பனிதான். ஆனால் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் சொந்தங்கள் தொலைபேசியில் "இங்கே பனி கொட்டுது" என்று சொல்லும் பனியை இலங்கையில் எவரும் மிதித்ததில்லை. அவர்களுக்கு அது அதிகாலையில் காரைத் தோண்டி எடுக்க வேண்டிய தொல்லை, வேலைக்குப் போகும் வழியில் வழுக்கி விழும் பயம். அந்தப் பனியையே பெரிய தாளாக எண்ணி, தம் கால்களால் நடந்து நடந்து அதன்மேல் படம் வரைகிறவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

மைதானம் அளவுக்குப் பெரிய படங்கள் அவை. ஒரு நாள் முழுக்க நடந்தால்தான் ஒன்று முடியும். அன்றிரவே காற்றடித்தாலோ புதுப் பனி விழுந்தாலோ மறைந்துவிடும். எங்களைப் போன்ற ஒரு சமூகத்துக்கு, கட்டியவை இடிக்கப்படுவதைப் பார்த்துப் பழகிய ஒரு சமூகத்துக்கு, இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஏரியில் வரைந்த நட்சத்திரம்

இந்தக் கலையில் அதிகம் அறியப்பட்டவர் சைமன் பெக் என்ற பிரித்தானியர். ஒக்ஸ்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். பின்னர் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு காட்டுவெளியில் ஓடும் போட்டிகளுக்கான வரைபடங்களைத் தயாரித்தவர். குளிர்காலத்தில் பிரான்ஸின் அல்ப்ஸ் மலையில் உள்ள லேஸ் ஆர்க் என்ற பனிச்சறுக்கு ஊரில் தங்குவார். 2004இல் ஒரு நாள், சறுக்கு விளையாட்டு முடிந்த பிறகு, தங்கியிருந்த கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த உறைந்த சிறிய ஏரியில் விளையாட்டாக ஒரு நட்சத்திரம் நடந்து வரைந்தார். மேலே போகும் கம்பித் தொட்டிலில் இருந்து பார்த்தபோது அது அழகாகத் தெரிந்தது. பாதங்களில் வந்த கோளாறால் ஓட்டப் பயிற்சியைத் தொடர முடியாமல் போன பின்னர், இதையே தன் உடற்பயிற்சியாகவும் கலையாகவும் ஆக்கிக்கொண்டார்.

அவருடைய படங்கள் பெரும்பாலும் நூறு மீற்றருக்கு நூறு மீற்றர் அளவில் இருக்கும். சராசரியாகப் பத்து மணித்தியாலங்கள் எடுக்கும். பெரிய படத்துக்கு ஏறக்குறைய 40,000 காலடிகள். பனியில் ஒரு அடிக்கு 60 சென்டிமீற்றர் என்று வைத்தால் 24 கிலோமீற்றர். ஒரே வெளிக்குள் சுற்றிச் சுற்றி நடந்த தூரம் அது. இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு நடந்து போய்த் திரும்பி வருகிற அளவு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லலாம்.

எப்படி வரைகிறார்கள்?

முதலாவது தேவை பனிநடை மிதியடி. சாதாரணச் சப்பாத்துடன் ஆழமான பனியில் இறங்கினால் முழங்கால்வரை புதைந்துவிடும். சப்பாத்தின் அடியில் கட்டிக்கொள்ளும் இந்த அகன்ற சட்டம் உடலின் பாரத்தை நான்கைந்து மடங்கு பரப்பில் பரத்திவிடுகிறது. ஆள் புதையாமல், பனி சில அங்குலம் மட்டும் அமுங்குகிறது. வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னி வேட்டைக்கும் பயணத்துக்கும் பயன்படுத்திய பொருள் இது. இப்போது அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது.

மற்றக் கருவிகள் மிகவும் எளிமையானவை. திசை பார்க்க ஒரு கொம்பஸ். தூரத்துக்கு அளவுநாடா அல்லது காலடி எண்ணிக்கை. வட்டம் போட ஒரு கயிறு: ஒரு முனையை நடுவில் ஊன்றி, மறுமுனையைப் பிடித்து இழுத்தபடி சுற்றி நடந்தால் வட்டம் வரும். அதே கயிற்று நீளத்தை வட்டத்தின் விளிம்பில் ஆறு முறை அடுத்தடுத்து வைத்தால் சரியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அந்த ஆறு புள்ளிகளை இணைத்தால் அறுகோணம் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தால் நட்சத்திரம். பாடசாலையில் கவராயத்தால் தாளில் செய்த அதே வேலைதான்.

கடினமானது ஒழுங்குமுறை. மணலில் கோடு பிசகினால் அழித்துவிடலாம். பனியில் பிசகிய காலடி பிசகியதுதான், அழிக்க வழியில்லை. மேலும், வரைகிறவர் உள்ளே போகும் தடமும் வெளியே வரும் தடமும் படத்தின் பகுதியாகவே விழும். அதனால் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு வழியாக வெளியேறுவது என்பதை வீட்டிலேயே தாளில் தீர்மானித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். முதலில் பிரதான கோடுகள், பிறகு அவற்றிலிருந்து அளந்து எடுக்கும் சிறிய வடிவங்கள், கடைசியில் நிரப்பும் வேலை.

அந்த நிரப்பும் வேலைதான் நாளைத் தின்னுகிறது. நூறு மீற்றர் சதுரத்தில் பாதியை, அதாவது 5,000 சதுர மீற்றரை, அரை மீற்றர் இடைவெளியில் நடந்து நிரப்பினாலே 10 கிலோமீற்றர் ஆகிவிடும்.

வெள்ளையில் வெள்ளையாக வரைவது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? நிழலால். அமுங்கிய தடத்தின் ஒரு சுவர் வெயிலைப் பிடிக்கிறது, மறுசுவர் நிழலாகிறது. உச்சி வெயிலில் படம் மங்கிப்போகும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போதுதான் கோடுகள் கறுத்துத் தெரியும். மேகமூட்டமான நாளில் ஒன்றுமே தெரியாது. அதனால் நாள் முழுக்க நடந்தவர் அடுத்த நாள் வெயிலுக்காகக் காத்திருப்பார். இடையில் பனி கொட்டினால் உழைப்பு போய்விடும்.

கோலத்துக்குள் இருக்கும் கணக்கு

பெக்கின் படங்களைப் பார்க்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணும் "இது கோலம்தானே" என்றுதான் சொல்வாள். அது சும்மா தோற்ற ஒற்றுமை மட்டுமல்ல. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் வேலை செய்த கணித அறிஞர்களும் 1974இல் கோலங்களின் ஒழுங்கை இலக்கண விதிகளாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு சிறிய வடிவத்தை விதிப்படி திரும்பத் திரும்ப வளர்த்தால் பெரிய கோலம் வருகிறது என்பதைக் கணினி அறிவியலின் மொழியில் காட்டிய ஆய்வு அது. இன்றும் அந்தத் துறையில் பேசப்படுகிறது.

பெக் அடிக்கடி வரையும் வடிவங்களில் ஒன்று கொக் பனித்துகள். சுவீடன் கணிதவியலாளர் ஹெல்ஜ் வொன் கொக் 1904இல் வெளியிட்ட வளைகோட்டிலிருந்து வருவது. விதி ஒன்றுதான்: ஒரு கோட்டை மூன்றாகப் பிரி, நடுத்துண்டின் மேல் ஒரு முக்கோண மேடு எழுப்பு. காலடியில் கணக்குப் பாருங்கள். பக்கத்துக்கு 90 அடிவீதம் ஒரு முக்கோணம் நடந்தால் சுற்றளவு 270 அடி. முதல்முறை விதியைச் செய்ததும் 360. அடுத்து 480. அதற்கடுத்து 640. ஒவ்வொரு முறையும் நடை மூன்றில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகும். ஆனால் உருவம் தொடக்க முக்கோணத்தைச் சுற்றிய வட்டத்தைத் தாண்டுவதே இல்லை. தாளில் இதற்கு முடிவு கிடையாது. பனியில் உண்டு: 640 அடி சுற்றளவில் ஒவ்வொரு சிறு பக்கமும் மூன்று அடிக்குச் சற்று அதிகம். இன்னொரு முறை பிரித்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரே காலடியாகிவிடும், அதற்கும் மேல் பிரித்தால் காலடியே கோட்டை விடப் பெரிதாகிவிடும்.

கோலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோலம் போடுகிறவர் தன் கால் பட்டு மா கலையாமல் பின்னால் நகர்ந்துகொண்டே போவார். இங்கே காலடியேதான் மா.

பலர் சேர்ந்து நடக்கும்போது

பெக் பெரும்பாலும் தனியாக நடப்பவர். ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் சோன்யா ஹின்ரிக்சன் வேறு வழியில் போனார். 2013 குளிர்காலத்தில் கொலராடோ மாநிலத்தின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகே உறைந்து கிடந்த கட்டமவுண்ட் ஏரியில் அறுபது வரையான தொண்டர்களுக்கு மிதியடியைக் கட்டிவிட்டு, சுருள் சுருளாக நடக்கச் சொன்னார். அளவும் கொம்பஸும் இல்லை. சுருள் எப்படிப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். மற்றது அவரவர் கால்போக்கு. மேலிருந்து எடுத்த படத்தில் ஏரி முழுக்கச் சுழிகள் நிறைந்திருந்தன. யாருடைய சுழி எது என்று பிரிக்க முடியாது.

பின்லாந்திலும் ஊரவர்கள் கூடி இப்படி வரைகிறார்கள். 2021 பெப்ரவரியில் எஸ்போ நகருக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினொரு பேர் சேர்ந்து 160 மீற்றர் அகலமான ஒரு பனிக்கோலத்தை உருவாக்கினார்கள். கொரோனா காலத்தில் ஆளுக்காள் தள்ளி நின்றே சேர்ந்து செய்யக்கூடிய வேலையாக அது அமைந்தது.

எங்கள் கால்கள் போட்ட கோடுகள்

பனி இல்லாவிட்டால் நிலத்தில் பெரும் படங்கள் இல்லையா? இந்தியாவின் தார் பாலைவனத்தில், ஜெய்சல்மேருக்கு அப்பால் போஹா என்ற கிராமத்துக்கு அருகே, மண்ணைக் கீறிப் போட்ட மாபெரும் கோடுகளைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளியானது. அங்குள்ள பெரிய சுருளின் நீளம் 724 மீற்றர், அகலம் 201 மீற்றர். ஒற்றைக் கோடாக விரித்தால் 12 கிலோமீற்றர் வரும். தரையில் நிற்பவருக்கு அது வெறும் கீறல். உயரத்திலிருந்து பார்த்தால்தான் சுருள்.

இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் வீதியில் நின்று எதிர்மலைத் தேயிலையைப் பார்க்கிறபோது நான் இதை நினைப்பதுண்டு. நிரை நிரையாகச் செடிகள், மலையைச் சுற்றி வெட்டிய கான்கள், லயத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் போகும் ஒற்றையடிப் பாதைகள். அந்தப் பாதைகளை எவரும் திட்டம்போட்டு வெட்டவில்லை. பாட்டி நடந்த இடத்தில் மகள் நடந்து, மகள் நடந்த இடத்தில் பேத்தி நடந்து விழுந்த கோடுகள் அவை. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பச்சை அழகுக்குள் ஐந்தாறு தலைமுறையின் காலடி இருக்கிறது.

அதைவிட நீளமான கோடு ஒன்றும் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்தக் கோட்டுக்கு அடையாளக் கல் இல்லை. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடியும்வரை மலையகத்தவரும் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்களும் தென்னிலங்கைத் தோழர்களும் அதே திசையில் நடந்தார்கள். பதினாறு நாள் நடையில் தார் வீதியில் ஒரு தடமும் விழவில்லை. ஆனாலும் மறந்துபோயிருந்த ஒரு பாதை மீண்டும் வரையப்பட்டது என்றுதான் நான் சொல்வேன்.

இந்தத் தளத்தின் வாசகர்களில் பலருக்கு அதற்குப் பிறகான கோடும் தெரியும். 1977இலும் 1983இலும் அடிவாங்கி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள், 2009இல் அங்கிருந்தும் நடந்தார்கள். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். அந்த நடையை யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வீடு, முழு அளவில்

என் பெரியம்மாவின் மகள் அந்த வழியாகப் போனவர்களில் ஒருவர். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். பெக்கின் படங்களை நான் வட்ஸ்அப்பில் அனுப்பியபோது முதலில் சிரித்தார்.

"வேலையில்லாத வெள்ளைக்காரன்ர வேலை, தங்கச்சி. இங்க பனி தள்ளியே இடுப்பு போச்சு."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு எடுத்தார். வீட்டுக்குப் பின்னாலுள்ள பூங்காவில் நின்றார். மகனுடைய மிதியடி காலில். பனியில் கோடுகள் தெரிந்தன. கோலம் என்றுதான் நினைத்தேன்.

"இல்லையடி. இது எங்கட வீடு."

கிளிநொச்சியில் இருந்த வீடு. பெரியப்பா கல்லறுத்துக் கட்டியது. போருக்குப் பிறகு அத்திவாரமும் மிஞ்சவில்லை. அக்கா அதை அளவு குறைக்காமல், நடந்த நடையாகவே வரைந்திருந்தார். "இது விறாந்தை. இது சாமியறை. குசினிக்குப் போற படி இதில. கிணத்தடி அங்கால, அந்த மரத்துக்குக் கிட்ட." எப்படி அளவு ஞாபகம் என்று கேட்டேன். "தலைக்கு ஞாபகமில்லை. நடக்கக் கால் தானா நிண்டுது. படலையில இருந்து விறாந்தைக்குப் பதினெட்டு அடி. சின்னனில எண்ணி எண்ணித்தானே நடந்தனான்."

அவருடைய மகன் சாமியறைக்குள்ளால் குறுக்கே ஓடிவந்தான். "வாசலால வாடா" என்று அக்கா சத்தம் போட்டார். அவன் திரும்பிப் போய், வாசல் என்று விடப்பட்டிருந்த இடைவெளியால் உள்ளே வந்தான். பிறகு இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைவது எங்கள் கலைஞர்கள் ஏற்கெனவே தொட்ட விடயம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை வரையச் சொல்லி, அவற்றைத் தொகுத்து 2011இல் ஒரு கலைநூலாக ஆக்கினார். காணிப் பதிவேட்டைக் குறிக்கும் 'தோம்பு' என்ற பழைய சொல்லைத் தலைப்பில் வைத்து, அதை 'முற்றுப்பெறாத' தோம்பு என்றார். அரச பதிவேட்டில் இல்லாத வீடுகளுக்கான பதிவேடு அது. அக்காவுக்கு அந்த நூலைத் தெரியாது. ஆனால் அவர் செய்ததும் ஒரு தோம்புதான். அன்றிரவே பனி கொட்டி மூடிவிட்டதாம்.

அழிவதும் அழிக்கப்படுவதும்

இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "எல்லாமே அழியத்தான் போகிறது, விட்டுவிடுவோம்" என்று எங்களுக்குப் பாடம் எடுக்க இந்தக் கலையைப் பயன்படுத்த இடம்கொடுக்கக் கூடாது. பெக்கின் படத்தைப் பனி மூடுவதும், துயிலும் இல்லங்களைப் புல்டோசர் உழுததும் ஒன்றல்ல. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், சில நாள்களில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது, சில மாதங்களில் தூபி எழுந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது. கல்லுக்கான உரிமை எங்களுக்கு உண்டு.

அழியும் வடிவம் பாதுகாப்பானது என்பதும் உண்மையல்ல. முள்ளிவாய்க்கால் கஞ்சியைவிட அழியக்கூடிய நினைவுச்சின்னம் எது? குடித்ததும் முடிந்தது. ஆனாலும் 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டார்கள்.

அப்படியென்றால் அழியும் கலையிடம் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? செய்யும் பழக்கம். தூபி ஒருமுறை கட்டப்படுகிறது. பிறகு காவல் வேண்டும். வாசலில் போடும் கோலத்தை அடுத்த நாள் திரும்பப் போட வேண்டும். போடத் தெரிந்தவர் இருக்கும்வரை அது இருக்கும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பிறகும் இருக்கும். கனடாவில் பிறந்த அந்தப் பையனுக்கு இப்போது கிளிநொச்சி வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும். அதை அவன் படத்தில் பார்த்துப் படிக்கவில்லை, நடந்து படித்தான்.

நீங்கள் செய்ய விரும்பினால்

பனி நாட்டில் இருப்பவர்களுக்கு: பூங்காவோ பாடசாலை மைதானமோ போதும். உறைந்த குளத்தில், நகரசபை அனுமதித்திருந்தாலன்றி, இறங்க வேண்டாம். மலைச்சரிவிலும் வேண்டாம், பனிச்சரிவு ஆபத்து உண்டு. அடியில் இறுகிய பனியும் மேலே புதுப் பனியும் இருக்கும் நாள் நல்லது. காற்று இல்லாத நாளாக இருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள். முதல்முறை இருபது மீற்றருக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். தாளில் வரைந்து, எந்தக் கோட்டால் வெளியேறுவது என்று குறித்துக்கொண்டு இறங்குங்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு: கடற்கரை ஈரமணலில் வேலி மட்டையோ, வைக்கோல் இழுக்கும் வாரியோ போதும். பெக்கும் கோடையில் வாரியால் மணலில் வரைகிறார். மலையகத்தில் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளும் பாடசாலை மைதானமும் இருக்கின்றன. ஒரு கயிறு, ஒரு கட்டை, ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் வட்டத்திலிருந்து அறுகோணம் எடுக்கும் கேத்திரகணிதப் பாடத்தை மைதானத்திலேயே நடத்திவிடலாம். பக்கத்து மேட்டில் ஏறிப் பார்த்தால் படம் தெரியும். ட்ரோன் தேவையில்லை.

வரைவது வீடு என்றால், முதலில் வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு, கிணறு எங்கே, படலை எங்கே, மாமரம் எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். வெயில் சாயும் நேரத்தில் படமெடுங்கள். படத்துடன் திகதியையும், யாருடைய வீடு, எந்த ஊர், எந்த ஆண்டில் விட்டு வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். எழுதாத படம் பத்து ஆண்டுகளில் வெறும் வெள்ளைத் தரையின் படமாகிவிடும்.